ஒரே சட்டம், இரண்டு கரைகள்
மனநோய்க்கும் குடிநோய்க்கும் மீட்பு எங்கே?

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பமாயினும் சரி, மன்னாரிலிருந்து படகேறி வந்த குடும்பமாயினும் சரி, அகதி வீடுகளில் ஒரு துயரம் மட்டும் வாய்திறந்து பேசப்படுவதில்லை. இழந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம். கைவிட்டு வந்த கடையைப் பற்றிப் பேசுகிறோம். வழியில் மாண்டவர்களை நினைத்து அழுகிறோம். ஆனால், பின்கட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் தமையனைப் பற்றியோ, அன்றாடக் கூலியை அன்றைய மாலையே மதுக்கடையில் கொடுத்துவிட்டு வரும் தந்தையைப் பற்றியோ அண்டை வீட்டாரிடம்கூட நாம் சொல்வதில்லை. மகளின் திருமணம் தடைப்படுமோ, முகாமில் ஏளனம் பிறக்குமோ என்ற அச்சம் நம் வாயை அடைத்துவிடுகிறது.

இந்த மௌனத்தின் விலையை நோயாளி மட்டும் கொடுப்பதில்லை. வீடு முழுவதும் கொடுக்கிறது. எனவே, மனநோயையும் போதை நோயையும் 'மீட்பு' என்ற நோக்கோடு அணுக முற்பட்டுள்ள ஒரு மாநில அரசின் பணியை இவ்வாரம் ஆராய எண்ணுகிறோம். அந்த அரசு, நம்மில் பலர் அடைக்கலம் புகுந்துள்ள தமிழ்நாட்டின் அரசு. அதன் அருமையையும் குறையையும் சரிவர எடைபோட வேண்டுமானால், கடலுக்கு அப்பாலுள்ள யாங்கோன் நகரிலிருந்து தொடங்குவதே முறையாகும். ஏனெனில், இரு கரைகளும் ஒரு காலத்தில் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தவை.

1912 விட்டுச் சென்றது

1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா தனி நாடாகப் பிரிக்கப்படும்வரை அது பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமே. ஆகவே, 1912 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியப் பைத்தியக்காரர் சட்டம் சென்னைக்கும் ரங்கூனுக்கும் ஒன்றாகவே பொருந்தியது. அச்சட்டம் மனநோயாளியை நோக்கிய பார்வை, காவல்துறை குற்றவாளியை நோக்கும் பார்வையினின்று வெகுவாக வேறுபட்டதன்று. நீதிபதியின் ஆணை, பூட்டிய கதவு, உயர்ந்த மதில் ஆகிய மூன்றுமே அதன் மருந்துகள். உள்ளே சென்றவர் என்று வெளியே வருவார், வந்தால் எங்கே வாழ்வார் என்ற கேள்விக்கு அதில் தக்க விடை இல்லை.

பர்மா விடுதலை பெற்றது. பின்னர் இராணுவத்தின் பிடிக்குள் சென்றது. மியான்மர் என்று பெயரும் மாறியது. ஆயினும், அந்த 1912 ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்தும் அங்கே நிலைத்திருந்தது. யாங்கோன் நகரின் புறத்தே யுவாதாஜி என்னுமிடத்தில் உள்ள பெரிய மனநல மருத்துவமனையும், மந்தலேயில் உள்ள மற்றொரு மருத்துவமனையுமே நாட்டின் மனநலச் சிகிச்சையின் இரு பெருந்தூண்களாக விளங்கின. மலைநாட்டிலோ கழிமுகப் பகுதியிலோ வாழும் ஒரு குடும்பம், நோயுற்ற மகனை அழைத்துக்கொண்டு அவ்வளவு தொலைவு செல்வது எளிதன்று. அதனால் கோயிலும், புத்த மடமும், வீட்டின் இருட்டறையுமே பலருக்கு மருத்துவமனையாயின.

போதைப் பொருளுக்கு அடிமையானோர் நிலை இதனினும் கொடியது. 1993 ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம், பழக்கத்துக்கு ஆளானவர் அரசிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், தவறினால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் சிறை என்றும் விதித்தது. சிறைக்கு அஞ்சியவர்கள் மறைந்தனர். மறைந்தவர்களை ஊசி வழியாக எய்ட்ஸ் நோய் தேடிச் சென்று பிடித்தது. 2006 ஆம் ஆண்டில் மெத்தடோன் மாற்று மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டு, பழக்கத்துக்கு ஆளானவரைச் சிகிச்சைக்கு அனுப்புவதே முதன்மை என்ற புதிய கொள்கையும் வெளியிடப்பட்டது. கால் நூற்றாண்டு தாமதமாயினும் அது நல்ல திருப்பமே.

அந்த நற்காலம் நீடிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும், முதலில் பணியைத் துறந்து எதிர்ப்புக் காட்டியோர் அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்களும் செவிலியருமே. நோயாளிகள் பெருகிய வேளையில் மருத்துவமனைகள் ஆளற்றுப் போயின. 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,080 டன் அபினி விளைந்து, ஆப்கானிஸ்தானை விஞ்சி உலகிலேயே முதலிடத்தை மியான்மர் அடைந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் போதைப் பொருள் தடுப்பு அலுவலகம் மதிப்பிட்டது. கொள்கை எவ்வளவு சிறந்ததாயினும், அதைத் தாங்கி நிற்க அமைதியும் ஆட்களும் வேண்டும் என்பதற்கு யாங்கோன் ஒரு பாடம்.

சங்கிலி அறுந்த கதை

அதே 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மரபு தமிழ்நாட்டையும் எளிதில் விட்டுவிடவில்லை. 1794 இல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனையே நெடுங்காலம் மாநிலம் முழுவதுக்கும் புகலிடமாக இருந்தது. அவ்வளவு தூரம் செல்ல இயலாத ஏழைகள், நேர்த்திக்கடனை நம்பித் தலங்களை நாடினர். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி எழுந்த தனியார் காப்பகங்களில் நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தனர். 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, கட்டுண்டு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

அத்தீயின் வெளிச்சத்தில்தான் நாடு தன் மனநோயாளிகளைக் கண்டது எனலாம். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது, அக்காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் அதே ஏர்வாடியில், தொழுகையைத் தடுக்காமல் அதன் அருகிலேயே மருந்தையும் கொண்டுசென்று வைக்கும் 'தவா-துவா' என்ற திட்டத்தை மாநில அரசு நடத்தியது. நம்பிக்கையோடு வந்தவரை விரட்டாமல், வந்த இடத்திலேயே மருத்துவரைச் சந்திக்கச் செய்த இம்முறை பாராட்டத்தக்கது.

அதன் பின்னர் வந்ததே 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2018 மே 29 முதல் இந்தியா முழுவதும் நடைமுறையிலிருக்கும் இச்சட்டத்தில் அகதிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. முதலாவது, அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையை அது 'ஒவ்வொரு நபருக்கும்' வழங்குகிறது. குடியுரிமை பெற்றவருக்கு மட்டும் என்று கூறவில்லை. இரண்டாவது, மதுவினாலும் போதைப் பொருளினாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள்ளேயே அது அடக்குகிறது. ஆகவே, குடிநோயாளி ஒழுக்கங்கெட்டவர் அல்லர். சட்டத்தின் பார்வையிலேயே நோயாளி. மூன்றாவது, எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது. நான்காவது, வறியோரும் வீடற்றோரும் வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிடினும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். ஐந்தாவது, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதிக் கவனிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. காவல் நிலையத்துக்கு அஞ்சி இத்தகைய செய்தியை மறைத்த வீடுகள் நம்மிடையே எத்தனை!

மீட்பு என்பது யாது?

மருந்து உட்கொண்டு அமைதியாக இருப்பதே குணமடைதல் என்று நாம் எண்ணுகிறோம். குடியை நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுகிறோம். ஆனால், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நோயாளிகளே முன்வந்து வேறொன்றைக் கூறினர். நோயின் சுவடு முற்றும் மறையாவிடினும், ஒருவர் தமக்கென ஓர் இடம், ஒரு வேலை, மதிக்கும் நாலு பேர், நாளையைப் பற்றிய நம்பிக்கை ஆகியவற்றோடு வாழ இயலும். அதுவே மீட்பு என்றனர். இத்தாலியின் வடகிழக்கு மூலையிலுள்ள திரியெஸ்தே நகரில் பிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர் பழைய பைத்தியக்கார மருத்துவமனையின் கதவுகளைத் திறந்துவிட்டு, நோயாளிகளுக்கு நகரத்துக்குள்ளேயே வீடும் கூட்டுறவுத் தொழிலும் கிடைக்கச் செய்தார். 1978 இல் இத்தாலியே அவ்வழியில் சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டில் இக்கருத்தை முதலில் செயலாக்கிக் காட்டியோர் தன்னார்வத் தொண்டர்களே. தம் கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன், 1980 இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் அங்கே குடிநோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் தனியே பயிற்சி உண்டு. ஏனெனில், வீடே நோயுற்றிருக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. 1984 இல் மருத்துவர் சாரதா மேனன் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தோற்றுவித்து, மனச்சிதைவு நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சியும் மறுவாழ்வும் அளிக்க வழிசெய்தார். 1993 இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னைத் தெருக்களில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'பேன்யன்' நிறுவனத்தைத் தொடங்கினர்.

தொண்டர்கள் போட்ட ஒற்றையடிப் பாதையை அரசு பின்னர் சாலையாக்க முற்பட்டது. 2018 முதல், தெருவில் திரியும் மனநோயாளிகளுக்கென அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் மாவட்டங்களில் நிறுவப்பட்டு வருகின்றன. அரசு மருத்துவத் துறையும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து இவற்றை நடத்துகின்றன. கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பி மறந்துவிடாமல், அந்தந்த மாவட்டத்திலேயே உணவு, உடை, மருந்து, தொழிற்பயிற்சி அளித்து, ஊரைக் கண்டறிந்து குடும்பத்திடம் சேர்ப்பது இவற்றின் நோக்கம். 2022 அக்டோபரில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனை தொடங்கப்பட்டது. 2025 இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டன. மனநலமும் போதை மீட்பும் மாவட்ட மருத்துவமனைக்கே வந்து சேர்ந்திருப்பது பெரும் மாற்றம் என்பதில் ஐயமில்லை.

வீடில்லாதவர் எங்கே திரும்புவார்?

இத்திட்டங்களில் நம் கண்ணுக்கு முதலில் படும் குறை ஒன்றுண்டு. குணமடைந்தவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே இவற்றின் நிறைவு. ஆனால் அகதியின் வீடு எங்கே இருக்கிறது? 1964 இல் ரங்கூனில் கடையும் நிலமும் பறிபோய், கையிலிருந்த 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாதவையாகிக் கப்பலேறியவரின் வீடு எங்கே? 1983 இல் எரிக்கப்பட்ட வீட்டைவிட்டு ஓடிவந்தவரின் ஊர் எங்கே? பத்தடிக்குப் பத்தடி முகாம் அறையில் ஐவர் படுத்திருக்கும் இடத்துக்கு, இன்னும் முழுமையாகத் தேறாத ஒருவரைத் திருப்பி அனுப்பினால், மூன்று மாதத்தில் அவர் மீண்டும் தெருவுக்கே வருவார். இது குடும்பத்தின் அன்பின்மை அன்று, இடமின்மை.

இதற்கு விடை நம் கண்ணெதிரிலேயே உள்ளது. குடும்பத்திடம் திரும்ப இயலாத பெண்களுக்காகப் பேன்யன் நிறுவனம் 2015 முதல் வேறொரு வழியை மேற்கொண்டது. சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நால்வர் ஐவராக அவர்களைக் குடியமர்த்தி, துணைக்கு ஓர் உதவியாளரையும் அமர்த்தியது. அவர்கள் சமைக்கிறார்கள், சந்தைக்குச் செல்கிறார்கள், அண்டை வீட்டுத் திருமணத்துக்கும் போகிறார்கள். இரத்த உறவு இல்லாமலேயே குடும்பம் உருவாகிறது. அகதிகள் நெருங்கி வாழும் மாவட்டங்களில் இத்தகைய வீடுகளை அரசே ஏற்படுத்த வேண்டும் என்பது நாம் வற்புறுத்த வேண்டிய கோரிக்கையாகும். 2021 இல் இலங்கைத் தமிழர் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் சூட்டியது. அச்சொல்லுக்கு மனநோயாளி விஷயத்திலும் பொருள் இருக்க வேண்டுமன்றோ?

மற்றொரு முரண்பாட்டையும் மறைப்பதற்கில்லை. போதை மீட்பு மையங்களைத் திறக்கும் அதே அரசுதான் 2003 முதல் மாநிலத்தின் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் தன் கையில் வைத்திருக்கிறது. 2023 ஜூனில் 500 மதுக்கடைகள் மூடப்பட்டன. எனினும் எஞ்சியவை பல்லாயிரம். மறுபக்கம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடையை மூடுவதால் மட்டும் நோய் மறைந்துவிடாது. சிகிச்சையைத் திறப்பதால் மட்டும் கடையின் தீங்கும் நீங்கிவிடாது. ஒரு கையால் விற்று மறு கையால் மருந்து கொடுக்கும் இந்நிலையில், மருந்து கொடுக்கும் கையையாவது வலுவாக்குங்கள் என்று கேட்பது நியாயமே.

நம் வீட்டில் நாம் செய்யத்தக்கவை

அரசு செய்யட்டும் என்று காத்திராமல், நாமே அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தச் செய்வது ஆபத்தானது. இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல், இல்லாதவற்றைக் காணுதல் ஆகியவை தோன்றி உயிரையே பறிக்கக்கூடும். இந்த முதல் வாரம் மருத்துவரின் கண்காணிப்பில் கழிய வேண்டும்.

'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பாதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை அறியாமல் உட்கொண்டு அதன்மேல் மது அருந்தியவர்க்கு இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிராபத்து நேரலாம். அம்மருந்து நோயாளியின் முழுச் சம்மதத்தோடும் மருத்துவரின் மேற்பார்வையிலும் மட்டுமே கொடுக்கத்தக்கது.

காதில் குரல் கேட்கிறது என்று சொல்பவரிடம் 'அப்படி ஒன்றுமில்லை' என்று வாதாடுவதிலும், அடிப்பதிலும் பயனில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைக் கேளுங்கள். மருந்து தொடங்கிய பின் 'நன்றாகிவிட்டது' என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான மறுபாதிப்புகள் அவ்வாறே வருகின்றன.

குடியை விட்டவர் மீண்டும் ஒருமுறை தவறினால், எல்லாம் வீண் என்று கைவிட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளியின் சர்க்கரை ஒரு மாதம் கூடிவிட்டால் அவரை வீட்டைவிட்டுத் துரத்துகிறோமா? தவறி விழுதலும் எழுதலும் மீட்பின் வழியில் உள்ளவையே. அதே வேளையில், அடியும் உதையும் தாங்கிக்கொண்டிருப்பது மனைவியின் கடமை அன்று. அவருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பும் ஆலோசனையும் வேண்டும். அவற்றைத் தனியே கேட்டுப் பெறலாம்.

நம்மவரே நம்மவருக்குத் துணையாகலாம் என்பதற்கு மியான்மர் எல்லையே சான்று. தாய்லாந்தின் மேசோட் பகுதியில் பர்மிய அகதிகளிலிருந்தே சாதாரண மனிதர்களைத் தேர்ந்து ஆற்றுப்படுத்தும் பணியில் பயிற்றுவித்தனர். சிறையும் சித்திரவதையும் கண்டு வந்த 347 பேரிடையே நடந்த ஓர் ஆய்வு 2014 இல் வெளியானது. அப்பயிற்சி பெற்றோர் அளித்த உதவியால் மனச்சோர்வும் கொடுமையின் நினைவால் வரும் துன்பமும் பெரிதும் தணிந்தமை அதில் நிறுவப்பட்டது. அதே எல்லையின் முகாம்களில் 'டேர்' என்னும் அமைப்பு 2000 முதல் கரேன் அகதிகளையே பயிற்றுவித்துப் போதை மீட்புப் பணியை நடத்தி வந்துள்ளது. பட்டம் பெற்ற மருத்துவர் இல்லாத இடத்திலும், அதே வழியில் நடந்து அதே துயரைச் சுமந்தவரின் சொல்லுக்கு ஒரு வலிமை உண்டு.

ஆகவே, ஒவ்வொரு முகாமிலும் குடியிருப்பிலும் இருவரையாவது தேர்ந்து இப்பயிற்சிக்கு அனுப்ப, மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடம் மகளிர் குழுக்களும் முகாம் தலைவர்களும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். குடியை விட்டு மீண்டு நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பயிற்சிக்கு அவர்களே முதலில் தகுதியுடையவர்கள். கூட்டு வாழ்வு இல்லங்களுக்கான கோரிக்கையையும் அதனோடு சேர்த்தே வைக்க வேண்டும். சட்டம் 'ஒவ்வொரு நபருக்கும்' என்று கூறுகிறது. அந்த ஒவ்வொரு நபரில் நம் வீட்டுப் பின்கட்டில் இருப்பவரும் ஒருவர். கதவைத் திறந்து அவரை அழைத்து வருவது நம் பொறுப்பு. அவர் திரும்பி வந்து வாழ ஓர் இடம் தருவது அரசின் பொறுப்பு.